சென்னையில் சைக்கிள்: சாலைப் பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சைக்கிள் என்றதும் விடியற்காலையில் ஈ.சி.ஆரில் கூட்டமாகப் போகிறவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். நெரிசல் நேரத்தில் ஓட்டுகிறவர்கள் வேறு. ராத்திரி டியூட்டி முடித்துத் திரும்பும் வாட்ச்மேன், கட்டட வேலைக்குப் போகிறவர், டீ கேன் கட்டிப் போகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் மாணவி ஆகியோரை மனதில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கார், பைக் ஓட்டுகிறவர்களுக்கான கேள்விகளும் இடையிடையே உண்டு.

ஓரமாகப் போவதுதானே பாதுகாப்பு?

இடப்பக்கம் போக வேண்டும், சரி. விளிம்பை ஒட்டிப் போவதில்தான் சிக்கல். சாலையில் மணல் சேர்வது அங்கேதான், வடிகால் மூடி இருப்பதும் அங்கேதான். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நாலைந்து விரல் உயரத்துக்குப் பள்ளம் இருக்கும். சக்கரம் அதில் இறங்கிவிட்டால் ஓட்டுகிறவர் அப்படியே சாய்வாக மேலே ஏறப் பார்ப்பார். முன்சக்கரம் தார் விளிம்பை உரசிக்கொண்டே போகும், ஹேண்டில் பார் திரும்பாது, சட்டென்று வாரிவிடும். விழுவது வலப்பக்கம், அதாவது வண்டிகள் வருகிற பக்கம். இறங்கிவிட்டால் ஏற முயலாதீர்கள். மண்ணிலேயே வேகத்தைக் குறைத்து நின்று, சைக்கிளைத் தூக்கி வையுங்கள்.

நல்ல தாரின் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் உள்ளே ஓட்டுவது பொதுவான கணக்கு. கார்கள் நிறுத்தியிருந்தால் அவற்றிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். முழுக்கத் திறந்த கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீட்டும். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்து நுழைந்து வெளியே வராதீர்கள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்தவர் ஆகிவிடுகிறீர்கள். ஒரே கோட்டில் போனால் அவர் உங்களை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வார்.

சாலை ஒடுங்கிய இடங்களில், உதாரணமாக மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தடுப்பு வைத்து ஒரே வரிசை மிஞ்சியிருக்கும் இடங்களில், அந்த வரிசையின் நடுவிலேயே ஓட்டுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஓரத்தில் போனால் பின்னால் வரும் கார்க்காரர் "போய்விடலாம்" என்று நுழைவார். தடுப்புக்கும் காருக்கும் இடையில் நீங்கள் நசுங்குவீர்கள். நடுவில் போனால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராது. தடுப்பு முடிந்ததும் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள்.

பின்னால் விடாமல் ஹார்ன் அடித்தால்?

ஹார்ன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார். பயப்பட வேண்டியது பார்க்காதவருக்கு. பதறிப்போய் மண்ணில் இறங்காமல், நேராக ஓட்டிக்கொண்டே ஒதுங்க வசதியான இடம் வந்ததும் கையைக் காட்டி வழிவிடுங்கள்.

சிக்னலில் எங்கே நிற்பது?

'ஃப்ரீ லெஃப்ட்', அதாவது சிக்னலுக்குக் காத்திருக்காமல் இடப்பக்கம் திரும்பும் வசதி, இருக்கும் சிக்னலில் இடது ஓரத்தில் நிற்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. நேராகப் போக வேண்டியவர் அங்கே நின்றால், இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் எல்லாம் அவர் மேலேயே வந்து திரும்பும். இடப்பக்கம் திரும்பும் வரிசைக்கு வலப்புறம், நேராகப் போகும் வண்டிகளில் இடது ஓரமாக நில்லுங்கள். முடிந்தால் நின்றிருக்கும் முதல் வண்டியின் ஓட்டுநர் கண்ணில் படும்படி இரண்டு மூன்று மீட்டர் முன்னால் நிற்பது நல்லது. ஆனால் பாதசாரிகள் கடக்கும் கோட்டை மறிக்காதீர்கள். முதலில் நிற்பது பஸ்ஸோ லாரியோ என்றால் அதன் முன்னாலும் போகாதீர்கள், பக்கத்திலும் போகாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள்.

பச்சை விழுந்த உடனே கிளம்ப வேண்டாம். குறுக்குச் சாலையில் மஞ்சளைத் தாண்டி ஓடி வரும் கடைசி இரண்டு பைக்குகள் போகட்டும்.

வலப்பக்கம் திரும்புவது எப்படி?

சின்னத் தெருவில் தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்து, கையை நீட்டி, நடுவுக்கு வந்து திரும்பலாம். பார்ப்பது முதலில், கை அப்புறம். கையை நீட்டிவிட்டால் வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம் ஆகாது.

அண்ணா சாலை, நூறடி சாலை போன்ற இடங்களில் மூன்று வரிசைகளைக் கடந்து வலப்பக்கம் போவது வேண்டாத வேலை. நேராகப் போகும் பச்சையில் சந்திப்பைத் தாண்டுங்கள். எதிர்ப்புறத்து இடது மூலையில் நின்று, சைக்கிளை நீங்கள் போக வேண்டிய திசைக்குத் திருப்பிக்கொண்டு, அந்தச் சாலைக்குப் பச்சை விழும்போது அவர்களோடு சேர்ந்து போங்கள். கூடுதலாக ஒரு சிக்னல் நேரம் ஆகும், அவ்வளவுதான். அந்த மூலையில் நிற்க இடமில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு பாதசாரிகளோடு கடந்துவிடுங்கள்.

பஸ், தண்ணி லாரிகளிடம் என்ன கவனிக்க வேண்டும்?

கனரக வண்டியின் இடப்பக்கத்துக்குள் நுழையாதீர்கள். இந்தப் பதில்களில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க வேண்டுமானால் அது இதுதான்.

காரணம் வண்டியின் அமைப்பு. ஓட்டுநர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது முன்சக்கரத்தையொட்டி நிற்கும் சைக்கிள் அவருக்குக் கண்ணாடி வழியாகவும் தெரியாது, கதவு மறைப்பதால் நேராகவும் தெரியாது. முன்பக்க பம்பரை ஒட்டி நின்றாலும் அப்படித்தான். அவருடைய முகம் பக்கக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்; தெரியாவிட்டால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். தெரிந்தாலும் அவர் அந்த நேரம் கண்ணாடியைப் பார்க்கிறார் என்று உறுதி இல்லை.

அடுத்தது திருப்பம். பன்னிரண்டு மீட்டர் பஸ் இடப்பக்கம் திரும்பும்போது முன்பகுதி முதலில் விலகிப் போகும். "வழி விடுகிறார்" என்று தோன்றும். பின்சக்கரங்கள் அதே வழியில் வராது. மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். நடைமேடைக்கும் பஸ்ஸுக்கும் இடையில் தாராளமாக இருந்த இடம் சில விநாடிகளில் காணாமல் போய்விடும். லாரியின் இரண்டு அச்சுகளுக்கு இடையே பக்கவாட்டுத் தடுப்புக் கம்பி இல்லாமலோ வளைந்தோ இருந்தால், விழுகிறவர் நேரே பின்சக்கரத்துக்குத்தான் போவார்.

மாநகரப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஓரம்கட்டாமல் இரண்டாவது வரிசையிலேயே நிற்பது வழக்கம். இடப்பக்கம் பெரிய இடைவெளி கிடைக்கும். அதில் புகாதீர்கள், இறங்குகிறவர்கள் அங்கேதான் குதிப்பார்கள், சில சமயம் பஸ் நிற்பதற்கு முன்பே. பின்னால் ஒரு காரின் நீளம் விட்டு நின்று, பஸ் கிளம்பட்டும் என்று காத்திருங்கள். வெகுநேரம் நின்றால், வலப்பக்கம் பின்னால் பார்த்துவிட்டு 1.5 மீட்டர் தள்ளிக் கடக்கலாம். அதன் வலப்பக்க இண்டிகேட்டர் எரிகிறதென்றால் கடக்க வேண்டாம்.

ஆட்டோ, ஷேர் ஆட்டோ?

ஆட்டோக்காரர் பார்ப்பது சாலையை மட்டுமல்ல, ஓரத்தில் கை நீட்டுகிறவரையும். காலி ஆட்டோ மெதுவாகிறது என்றால் எந்த நொடியும் இடப்பக்கம் ஒடிக்கும். பயணிகளும் பெரும்பாலும் இடப்பக்கம்தான் இறங்குவார்கள். ஆகவே ஆட்டோவை எப்போதும் வலப்பக்கமாகவே முந்துங்கள், ஷேர் ஆட்டோவை முந்தாமலே இருப்பது இன்னும் நல்லது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடி அதன் பின்னாலேயே நிற்கப் போகிறீர்கள்.

யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஐம்பது மீட்டர் ராங் சைடில் போனால் என்ன?

ஓ.எம்.ஆர். போன்ற சாலைகளில் நடுத்தடுப்பில் திறப்பே அபூர்வம் என்பதால் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் வரும் பைக்குக்கும் 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளுக்கும் ஒரே திசையில் வேக வித்தியாசம் 25. எதிரெதிராக வந்தால் 55. மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு அடி.

அதைவிட மோசம் பக்கத் தெருவிலிருந்து வருகிற கார். இடப்பக்கம் திரும்பி பிரதான சாலையில் சேரப்போகிறவர் வலப்பக்கம் மட்டுமே பார்ப்பார். வண்டிகள் வரும் திசை அதுதான். நீங்கள் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவர் திரும்பிப் பார்க்கும் முன் பம்பர் உங்கள் மேல் இருக்கும்.

ஐம்பது மீட்டர்தானே? இறங்கி நடைமேடையில் தள்ளிக்கொண்டு போங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

மேம்பாலத்தில் ஏறலாமா?

சைக்கிளுக்குத் தடைப் பலகை இருந்தால் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் கீழே இருக்கும் சர்வீஸ் சாலையே மேல். பாலத்தில் ஏறும்போது உங்கள் வேகம் பத்துக்குக் கீழே போய்விடும், மற்றவர்கள் வேகம் கூடும். கத்திப்பாரா போன்ற சுற்றுப் பாலங்களில் ஆபத்து ஏற்றத்தில் இல்லை, கிளைகள் பிரிகிற, சேர்கிற இடங்களில் இருக்கிறது. நேராகப் போகிற சைக்கிளுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் வண்டிகள் வேகமாக ஓடும். அங்கே நின்று, பின்னால் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் குறுக்காக நேரே கடந்து மறுபடி இடது ஓரத்தைப் பிடியுங்கள்.

மழையில்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கேள்விதான் பெரிய கேள்வி. தண்ணீர் தேங்கிய இடத்தில் குழியும் தெரியாது, திறந்த மூடியும் தெரியாது. தரை தெரியாத தண்ணீரில் ஓட்டாதீர்கள். முன்னால் போகிற பைக் சக்கரத்தின் தடத்திலேயே தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது வேறு தெருவில் போங்கள்.

வழுக்குவது எல்லாம் ஒரே மாதிரி வழுக்காது. தடித்த வெள்ளைப் பெயிண்ட் கோடுகள், இரும்பு மூடிகள், மெட்ரோ பணியிடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள், லாரி கொட்டிய களிமண் ஆகியவை மேல் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ கூடாது. தகட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக, மிதிக்காமல் உருட்டிக் கடந்துவிடுங்கள். முதல் மழையின் முதல் அரைமணி நேரம் மிக மோசம், சாலையில் ஊறிய எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மேலே வரும்.

வடிகால் கம்பி வலைகளில் சிலவற்றில் கம்பிகள் சாலையின் திசையிலேயே ஓடும். இரண்டு கம்பிக்கு நடுவே மெல்லிய டயர் இறங்கிவிட்டால் ஓட்டுகிறவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். அவற்றைக் குறுக்காகக் கடக்க முடியாவிட்டால் சுற்றிப் போக வேண்டியதுதான். இப்படிப்பட்ட வலை, உடைந்த மூடி, எரியாத தெருவிளக்கு எதுவானாலும் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். அருகில் உள்ள கடை எண்ணையோ மின்கம்ப எண்ணையோ சொன்னால்தான் ஆள் வந்து தேடிக் கண்டுபிடிப்பார்.

பிரேக் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லீவரை முழு பலத்தோடு பிடியுங்கள். ஹேண்டில் பாருக்கும் லீவருக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிற இடம் மிஞ்ச வேண்டும். லீவர் போய் ஒட்டிக்கொண்டால் கேபிளை இறுக்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவு விலகி இருக்க வேண்டும், பிடிக்கும்போது ரிம்மில் மட்டுமே உட்கார வேண்டும். கட்டை டயரைத் தொட்டால் சில நாளில் டயரை அறுத்துவிடும். கட்டையில் இருக்கும் வரிக்கோடு மறைந்துவிட்டால் மாற்றுங்கள். கேபிளில் ஒரு நூல் பிய்ந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள். மீதி நூல்கள் அறுவது அழுத்திப் பிடிக்கிற அவசர நேரத்தில்தான்.

நல்ல பிரேக்கோடு 20 கி.மீ. வேகத்தில், உலர்ந்த சாலையில், பார்த்து உணர்ந்து நிற்க ஒன்பது மீட்டர் ஆகும். அதில் ஐந்தரை மீட்டர் நீங்கள் பிரேக்கைப் பிடிப்பதற்கு முன்பே போய்விடும். பழைய மாடல் சைக்கிளின் எஃகு ரிம் நனைந்தால் பிடிப்பு பாதிக்கும் கீழே இறங்கும். மழையில் முதலில் லேசாகப் பிடித்து ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்துங்கள். அலாய் ரிம் இந்த விஷயத்தில் எவ்வளவோ பரவாயில்லை. முன்பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். "கவிழ்த்துவிடும்" என்ற பயம். உண்மையில் நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கவிழாது.

எப்படிப்பட்ட விளக்கு வாங்குவது?

ஒன்றே வாங்க முடியும் என்றால் பின்னால் வைக்கும் சிவப்பு விளக்கை வாங்குங்கள். தெருவிளக்கு உள்ள சாலையில் முன்விளக்கு நீங்கள் தெரிவதற்காக. 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும். இருட்டான சாலையில் குழியைப் பார்க்க 300 லூமனாவது வேண்டும், வெளிச்சம் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்காமல் பத்து மீட்டர் முன்னால் தரையில் விழும்படி சாய்த்து வையுங்கள். பாட்டில் டைனமோவில் ஒரு குறை, சிக்னலில் நின்றதும் அணைந்துவிடும்.

வாங்கியவர்களிடமும் பார்க்கிற தவறு: சீட்டுக்குக் கீழே விளக்கு மாட்டியிருக்கும், அதன் மேல் பையோ கேரியர் மூட்டையோ தொங்கும். கேரியரின் கடைசியிலோ பின் மட்கார்டிலோ மாட்டுங்கள். பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருந்தால் உடைந்ததும் மாற்றிவிடுங்கள். மேலும் கீழுமாக ஆடுவதால் அது சைக்கிள் என்று கார் ஓட்டுகிறவருக்குத் தூரத்திலேயே புரிந்துவிடும். பணமே செலவு செய்ய முடியாதவர்களுக்கு, லாரிகளில் ஒட்டும் சிவப்பு ஒளிர்பட்டை ஒரு சாண் அளவு பின் மட்கார்டில் ஒட்டினாலும் பெரிய வித்தியாசம்.

ஹெல்மெட் கட்டாயமா?

மிதிவண்டிக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. போடுவது நல்லது, அதன் எல்லையும் தெரிந்திருப்பது நல்லது. சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பிய ஈ.என். 1078 தரத்தில், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்துக்குத்தான் சோதிக்கிறார்கள். வழுக்கி விழுந்து தலை தரையில் மோதுவதற்கு அது அருமையான காப்பு. பஸ்ஸின் இடப்பக்கம் நுழைந்தவருக்கு அதனால் பயனில்லை. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், தாடை வாரில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோல் நசுங்கியிருக்கும். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

கேரியரில் பிள்ளையை உட்கார வைக்கலாமா?

கால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போவதுதான் முதல் ஆபத்து. குதிகால் தோல் கிழிந்து எலும்பு வரை போகிற காயம் அது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலையோ தகடோ மாட்டி, கால் வைக்க மிதி போட்டு, அப்புறம் உட்கார வையுங்கள். புடவை முந்தானை, துப்பட்டா விஷயத்திலும் அதே வலை காப்பாற்றும்.

நாய் துரத்தினால்?

வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மெதுவாக நடங்கள். நாய்க்குச் சுவாரஸ்யம் போய்விடும்.

கார், பைக் ஓட்டுகிறோம். சைக்கிளை முந்தும்போது எவ்வளவு இடம் விடுவது?

நம் விதிகளில் மீட்டர் கணக்கு இல்லை. ஜெர்மனியில் நகருக்குள் 1.5 மீட்டர், பிரான்ஸில் ஒரு மீட்டர் என்று சட்டமே சொல்கிறது. ஒன்றரை மீட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காத இடத்தில் பின்னால் போங்கள். குழியைத் தவிர்க்க சைக்கிள்காரர் அரை மீட்டர் விலகுவார். உங்களுக்குத் தெரியாத குழி அவருக்குத் தெரிகிறது.

முந்திவிட்டு உடனே இடப்பக்கம் வெட்டித் திரும்பாதீர்கள். திரும்பும் தெரு முப்பது மீட்டருக்குள் இருந்தால் முந்தவே வேண்டாம். நெருங்கிவந்து காதருகே ஹார்ன் அடித்தால் அவர் தடுமாறுவது உங்கள் பக்கம்தான்; அடிக்க வேண்டுமென்றால் தூரத்திலிருந்து ஒருமுறை போதும். ஹை-பீம் போட்டு வருகிறவர்களுக்கு இடையில் விளக்கில்லாத சைக்கிள் இருந்தால் யாருக்குமே தெரியாது, டிம் செய்யுங்கள்.

கதவைத் திறக்கும்போது ஓட்டுநர் இடது கையால் திறக்கப் பழகினால் உடம்பு தானாகவே திரும்பிப் பின்னால் பார்க்கும். இடப்பக்கம் இறங்குகிறவர் வலது கையால். வாடகைக் காரில் சிக்னலில் நிற்கும்போதே இறங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள். 50-இல் மோதினால் 30-இல் மோதுவதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றல்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை கிடையாதா?

மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. நடைபாதைகள் பல இடங்களில் அகலமாயின. பாண்டி பஜார் 2019-இல் மாறியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சைக்கிளுக்கு அந்த அளவுக்கு நடக்கவில்லை. பெயிண்ட் கோடு மட்டும் போட்ட பாதை மறுநாளே பைக் நிறுத்துமிடம் ஆகிவிடுகிறது. தடுப்பு இல்லாத பாதையை நம்பி ஓட்டாதீர்கள். அதில் நிற்கும் வண்டியைச் சுற்றி வெளியே வரவேண்டிய ஒவ்வொரு முறையும் பின்னால் பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

108-ஐ அழையுங்கள். கழுத்தோ முதுகோ வலித்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்குகிற யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதற்குப் பாதுகாப்பு.

மோதிய வண்டியின் எண்ணை உடனே படமெடுங்கள். சைக்கிளைக் கடையில் கொடுத்துச் சரிசெய்துவிடாதீர்கள், வளைந்த ரிம்மும் சாட்சிதான். முதல் தகவல் அறிக்கையின் நகல், காயச் சான்றிதழ், மருந்துச் சீட்டுகள், சம்பளச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சைக்கிளுக்கு இன்ஷூரன்ஸ் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது தேவையில்லை, மோதிய வண்டியின் கட்டாய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸில்தான் இழப்பீடு வரும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால், மத்திய அரசின் திட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இதற்கு வழக்கு நடத்த வேண்டாம். கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் முதல் தகவல் அறிக்கையையும் மருத்துவமனைப் பதிவையும் வங்கிக் கணக்குப் புத்தக நகலையும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனையில் சேரும்போதே "சைக்கிளிலிருந்து விழுந்தார்" என்று எழுதவிடாமல், "அடையாளம் தெரியாத வண்டி மோதியது" என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் விண்ணப்பம் தள்ளுபடியாவது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான்.